கோபத்தை அடக்கக் கற்பிப்போம்

ஷூ கம்பெனியில் புதிதாய்ச் சேர்ந்த வாலிபனை மேஸ்திரி பலர் முன்னிலையில் ஏசுகிறார். ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் நாம் அடிக்கடி கேள்விப்படும் சங்கதி இது. அந்த ஒரு நிமிடத்தில் வாய் தவறினால் வேலை போகும். கை நீண்டால் வாழ்வே கெடும். 'கோபப்படாதே' என்று நாம் உபதேசித்தால் மட்டும் போதுமா?

உபதேசம் வேண்டி வந்தவரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கோபம் கொள்ளாதிருக்கும்படியே திரும்பத் திரும்பக் கூறினார்கள். புகாரியில் வரும் இந்த ஹதீஸுக்கு, கோபமே எழக்கூடாது என்பதல்ல, அது ஏவுவதைச் செய்யக்கூடாது என்பதே கருத்து என உலமாக்கள் விளக்கியுள்ளனர். அதற்கு வழியும் ஹதீஸ்களில் காட்டப்பட்டுள்ளது.

முதலாவது, முகம் சிவந்து நரம்பு புடைப்பதைப் பிள்ளை தானே கவனித்து, உடனே 'அஊது பில்லாஹ்' ஓதட்டும். இரண்டாவது, வாய்மூடி இருக்கட்டும். மூன்றாவது, நின்றால் உட்காரட்டும். அப்போதும் தணியாவிட்டால் படுக்கட்டும். நிற்பவன் கை ஓங்க ஆயத்தமாயிருக்கிறான். உட்கார்ந்தவனுக்கு அது எளிதல்ல. வேலை செய்யுமிடத்தில் படுக்க இயலாது. ஒளுச் செய்து வரலாம்.

மௌனம் என்பது அநியாயத்தை விழுங்குவதல்ல. மனம் தணிந்தபின் நியாயத்தைத் தெளிவாய்ப் பேசலாம், பேசவும் வேண்டும்.

மஃரிபுக்குப் பின் அமைதியான வேளையில் இதைப் பழக்குவோம். ஆனால் பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் செயலையே பார்க்கிறார்கள். சாப்பாட்டில் உப்புக் குறைந்த இரவில் அத்தா எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அவர்களுக்கு முதல் பாடம்.