கூரைக்கு முன் பேனலை வரை

அன்புள்ள முகிலா,

ஏற்காட்டில் மூங்கிலும் துணியும் கொண்டு நீ எழுப்பப்போகும் சோதனைக் குடிலின் வரைபடம் கிடைத்தது. உருண்டைக் கூரை, அதன்மேல் வளையும் சோலார் பேனல். பேனல் தேர்வு சரிதான். 100 வாட் கண்ணாடி பேனல் சுமார் 7 கிலோ, வளைவது சுமார் 2 கிலோ. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகும் காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாகப் போகவேண்டிய பொருளுக்கு இது பெரிய லாபம்.

ஆனால் கூரையை வரைந்துவிட்டுப் பேனலைத் தேடாதே. பேனல் வளையும் விதத்துக்கு ஏற்பக் கூரையை வரை.

ஒரு தாளைத் தேங்காயின்மேல் போர்த்து, கசங்கும். பூரிக்கட்டையில் சுற்று, படியும். பேனலும் ஒரு திசையில்தான் வளையும். மீறி வளைத்தால் சிலிக்கான் செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். எனவே உருண்டையை விடு. கூண்டு வண்டியின் கூண்டைக் கொஞ்சம் தட்டையாக்கினால் வரும் வளைவு போதும்.

முகட்டைக் கிழக்கு மேற்காக வை. ஏற்காட்டில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், டிசம்பரில் சுமார் 35 டிகிரி தெற்கே சாயும். பேனலை உச்சியிலும் சற்றுத் தெற்கிலும் பரப்பு. ஒரே சாய்வில் உள்ள செல்களைத்தான் தொடராக இணைக்க வேண்டும். ஒரு செல் மங்கினாலும் அந்தத் தொடர் முழுவதும் மின்னோட்டம் குறையும். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் உனக்குப் பகை. நிழல் விழாத இடத்தைக் காலை முதல் மாலை வரை நின்று பார்த்துத் தேர்ந்தெடு.

குளிர்ந்த மலைதானே என்று பேனலைத் துணியோடு ஒட்டிவிடாதே. அடியில் காற்றுப் புகாத பேனல் வெயிலில் 65 டிகிரியைத் தொடக்கூடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் இழப்பு என்றால், ஏழில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடும். அடியில் நான்கு விரல் இடைவெளி விடு. விளிம்பில் கண்வளையம் அடித்துக் கயிற்றால் கட்டு. கூரை இலேசானது, காற்று தூக்கும்; கால்களைத் தரையோடு இறுக்கிப் பிணை. கண்ணாடி பேனல் அளவுக்கு வளையும் பேனல் உழைக்காது; பழுதானால் கயிற்றை அவிழ்த்து மாற்றிவிடலாம்.

2013இல் நடந்த ஒரு கட்டடக் கண்காட்சிக்காக ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கென்னடி வயோலிச் குழு வடிவமைத்த 'சாஃப்ட் ஹவுஸ்' வீடுகளைப் படித்துப் பார். செல்களைத் தாங்கிய துணிப் பட்டைகள் வெயிலுக்கேற்பத் திரும்பும்படி அமைத்தார்கள். அங்கே பேனலும் துணியும் தனித்தனி வேலையல்ல, இரண்டும் சேர்ந்ததுதான் வடிவமைப்பு.

முதலில் ஒரே ஒரு வளைவை மட்டும் கட்டி, பேனலைப் போட்டு, மீட்டரில் அளந்து பார். வெயிலிலும் மூடுபனியிலும் அது தரும் எண்களை வைத்து மீதிக் கூரையை வரை.

அன்புடன்,
மாமா