வீணையில் வேண்டாத இரைச்சல்: இடம் கண்டு நீக்கும் முறை

பள்ளிவாசல், மூணாறு பக்கம் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் வீணை இருக்கிறது. வாசிக்கும்போது கரகரவென்று ஓசை வந்தால், குழந்தையின் விரல் சரியில்லை என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். குழந்தையும் மனம் சோர்ந்து பாடத்தை நிறுத்திவிடுகிறது. பல சமயம் குற்றம் விரலில் இல்லை, வாத்தியத்தில்தான்.

ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கேட்டே வெடிப்பைக் கண்டுபிடிப்பது எங்கள் துறையின் பழைய வழக்கம். வீணைக்கும் அதுவே முறை. இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு கை வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். எல்லாக் கரகரப்பும் குறையல்ல. குதிரையின் மேலுள்ள பித்தளைத் தகடு இலேசாக வளைந்திருக்கும். தந்தி அதைத் தொட்டு அதிர்வதால்தான் வீணைக்கு அந்த நீண்ட நாதம். தம்பூராவில் நூல் வைத்து ஜீவா கூட்டுவதும் இதற்கே. எல்லா ஸ்வரத்திலும் சீராக இருப்பது நாதம். ஒரு தந்தியிலோ ஒரு மெட்டிலோ மட்டும் துருத்திக்கொண்டு கேட்பது இரைச்சல்.

சோதிக்கும் வரிசை:

1. வீணையை வேறு அறைக்கு மாற்றி வாசியுங்கள். சத்தம் நின்றால், அதிர்ந்தது ஜன்னல் கண்ணாடியோ அலமாரிப் பாத்திரமோதான்.

2. மூன்று தாளத் தந்திகளையும் துணியால் அடக்கிவிட்டு வாசியுங்கள். சத்தம் நின்றால், அவை கூடவே அதிர்கின்றன. பியானோவில் கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் கம்பளித் திண்டு வந்து தந்தியை அடக்கிவிடும். வீணையில் அந்த ஏற்பாடு இல்லை.

3. நான்கு வாசிப்புத் தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். ஒன்றில் மட்டும், எல்லா மெட்டிலும் இரைந்தால், தந்தி துருப்பிடித்திருக்கலாம். அல்லது குதிரைத் தகட்டில் அதன் தடம் பள்ளமாகியிருக்கலாம்.

4. ஒரே மெட்டில் மட்டும் இரைந்தால், குதிரைப் பக்கமுள்ள அடுத்த மெட்டைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் தந்தி அதில் இடிக்கும். 24 மெட்டுகளையும் நகத்தால் தட்டிப் பாருங்கள். மெழுகில் பிடிப்பு விட்ட மெட்டு தனியாக ஆடும், ஓசையும் மாறும்.

நம் ஊர் நிலைமை இதில் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் ஈரம். வீணையின் பலாமரம் அதை உறிஞ்சி உப்பும், தந்தியும் துருப்பிடிக்கும். அதே வீணையைக் கோடையில் பாலக்காட்டுக்கு எடுத்துச் சென்றால், அங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். மரம் சுருங்கும்; மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை வைக்கவே கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை: வாசித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைப்பது, துருப்பிடித்த தந்தியை மாற்றுவது, லங்கரில் வளையம் தளர்ந்து கிலுகிலுத்தால் அங்கே சிறு துணித்துண்டைச் செருகுவது, மழைக்காலத்தில் உறையோடு சுவரை ஒட்டாமல் வைப்பது. அடுப்பருகில் வைத்து உலர்த்த வேண்டாம்.

செய்யக்கூடாதவை: குதிரைத் தகட்டை அரத்தால் ராவுவது, மெழுகைச் சூடுகாட்டி மெட்டை அழுத்துவது. தகட்டில் அதிகம் ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு மெட்டு நகர்ந்தாலும் சுருதி கெடும். மேளம் கட்டத் தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள். எந்தத் தந்தி, எத்தனையாவது மெட்டு என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கும் வேலை எளிது.

இத்தனையும் பார்த்த பிறகும் இரைச்சல் இருந்தால் மட்டும், குழந்தையின் விரல் மெட்டுக்கு மிகவும் பின்தள்ளி அழுத்துகிறதா என்று ஆசிரியரைக் கேளுங்கள். அதுவரை குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.