ஒரு மணி நேர ஃபிளைட்டா, ஏழரை மணி நேரப் பயணமா? கொல்லிமலைக் கணக்கு

கொல்லிமலை செம்மேட்டைச் சேர்ந்த ஒரு தம்பி சென்னையில வேலை பார்க்கிறார். கையில வர்ற சம்பளம் 44,000 ரூபாய். மாசம் ஒரு தடவை அம்மாவைப் பார்க்க சேலத்துக்கு ஃபிளைட்ல போவார். "ஒரு மணி நேரம்தானே அண்ணா, டைம் மிச்சம்" என்றார். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

வாசலிலிருந்து வாசல் வரை

வீட்டிலிருந்து ஏர்போர்ட் 1 மணி நேரம். செக்-இன், செக்யூரிட்டி ஒன்றரை மணி. பறப்பது 1 மணி. இறங்கி வெளியே வர அரை மணி. சேலம் ஏர்போர்ட் இருப்பது ஊருக்கு வெளியே, காமலாபுரத்தில். அங்கிருந்து சேலம், ராசிபுரம், காரவள்ளி அடிவாரம், அப்புறம் 70 கொண்டை ஊசி வளைவு. இதுக்கு மூன்றரை மணி. மொத்தம் ஏழரை மணி நேரம்.

இரவு ரயிலில்? ஸ்டேஷன் போய்க் காத்திருக்க ஒன்றரை, ரயிலில் ஐந்தரை, சேலத்திலிருந்து பஸ்ஸில் 3. மொத்தம் 10 மணி. ஆக, ஃபிளைட்டில் மிச்சம் இரண்டரை மணி நேரம்தான். அதுவும் ரயிலில் தூங்கிக்கிட்டே போகலாம்.

ஒரு மணி நேரத்தின் விலை

டாக்ஸி எல்லாம் சேர்த்து ஃபிளைட் வழி 5,500, ரயில் வழி 1,000 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் செலவு 4,500. அதை இரண்டரையால் வகுத்தால், மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு 1,800 ரூபாய்.

தம்பியின் சம்பளத்தை 176 மணி நேரத்தால் (22 நாள், தினம் 8 மணி) வகுத்தால் மணிக்கு 250 ரூபாய். 250 ரூபாய் நேரத்தை 1,800 கொடுத்து வாங்குகிறார்!

அப்போ ஃபிளைட்டே வேண்டாமா?

அப்படி இல்லை. சென்னை–டெல்லி ரயில் பாதை சுமார் 2,180 கி.மீ.; வேகமான ரயிலிலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஃபிளைட் சுமார் 3 மணி நேரம். ஏர்போர்ட் நேரத்தைச் சேர்த்தாலும் 20 மணி நேரமாவது மிச்சம். 4,000 ரூபாய் கூடுதலாக ஆனால் மணிக்கு 200தான். தாராளமா பறக்கலாம். ஏர்போர்ட்டில் போகும் நேரம் எந்த ஊருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தூரம் குறைந்தால் அதுவே லாபத்தைத் தின்றுவிடும்.

"எல்.டி.ஏ. இருக்கே?" என்பீர்கள். அந்த வரிவிலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். அதுவும் 4 காலண்டர் வருட பிளாக்கில் 2 பயணத்துக்குத்தான். மாசாமாசம் ஊருக்குப் போக அதை நம்ப முடியாது.

தம்பிக்கு ஃபிளைட்டில் போய்வர 11,000. ரயிலில் 2,000. இப்போ மாசம் ரெண்டு தடவை ஊருக்குப் போகிறார்; 7,000 எஸ்.ஐ.பி.யில் போகிறது. அம்மாவுக்கும் சந்தோஷம்.

அடுத்த டிக்கெட் போடும் முன், உங்க ஒரு மணி நேரத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்க.