கூடுதல் வேலையின் காசு பில்லில் எங்கே இருக்கிறது?

கொல்லிமலையில் கட்டட வேலை எடுத்தால் முதலில் பேசி முடித்த தொகையில் தகராறு வருவது அபூர்வம். அதற்குப் பிறகு சேர்கிற வேலையில்தான் எல்லாத் தகராறும். அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய பாதை. கம்பியையும் ஜல்லியையும் பெரும்பாலும் கீழே இறக்கி, சின்ன வண்டிக்கு மாற்றித்தான் மேலே கொண்டுவருவோம். அஸ்திவாரம் தோண்டினால் மண்ணுக்கு அடியில் பாறை இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் வெட்டிய சரிவு இறங்கிவிடும். ரேட் பேசும்போது இதில் பாதிகூடத் தெரியாது.

செம்மேடு பக்கம் ஒரு தங்கும் விடுதி வேலை நடந்தபோது, சப் கான்ட்ராக்டர் பில்களை ப்ரோகோர் மென்பொருளிலிருந்து ஏபிஐ வழியாக எடுத்து அலுவலகக் கணக்கில் சேர்ப்பது என் பொறுப்பு. அதில் கற்றதை, இதே வேலையைச் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. ஒரு பில், இரண்டு பட்டியல்

திரையில் பார்க்கும்போது பில் ஒரே தாள் போலத் தெரியும். ஏபிஐயில் அப்படி இல்லை. முதல் ஒப்பந்தத்தின் வரிகள் ஒரு பாதையில் கிடைக்கும். பிறகு சேர்ந்த வேலைக்கான சேஞ்ச் ஆர்டர் வரிகளுக்குத் தனிப் பாதை. பில்லுக்கு ஏபிஐ ஆவணத்தில் ‘ரெக்விசிஷன்’ என்று பெயர்; தேடும்போது இந்தப் பெயரில் தேடுங்கள். பில்லின் அடையாள எண்ணோடு புராஜெக்ட் எண்ணையும், ஹெடரில் கம்பெனி எண்ணையும் கொடுத்து இரண்டு பட்டியலையும் தனித்தனியே எடுக்க வேண்டும். முதல் பட்டியலோடு நின்றால் கணக்கு பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். “பாறை உடைச்ச காசு இதுல காணோமுங்களே” என்று மேஸ்திரி கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

2. ஒப்புதல் ஆனதுதான் பில்லுக்குள் வரும்

சேஞ்ச் ஆர்டர் பல படிகளில் நகரலாம்: வரலாம் என்று எதிர்பார்க்கும் செலவு, அதற்கான கோரிக்கை, கடைசியாக ஒப்பந்தத்தில் சேரும் ஆணை. ஒப்புதல் கிடைத்த ஆணையின் வரிகளைத்தான் பில்லில் கேட்க முடியும். ஆகவே ஒரு வேலை பட்டியலில் இல்லையென்றால் உடனே கோடிங்கைச் சந்தேகிக்காதீர்கள். அது ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். சைட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாறை தெரிந்த அன்றே அளவு டேப் வைத்துப் படம் எடுங்கள், அளவுப் புத்தகத்தில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள், பில்லிங் காலம் முடிவதற்குள் ஒப்புதலுக்கு அனுப்புங்கள். பாறையை உடைத்து அள்ளி, குழியை மூடிய பிறகு அளக்க அங்கே ஒன்றும் இருக்காது.

3. எந்தக் கட்டத்தைக் கூட்டுகிறோம்?

ஒவ்வொரு வரியிலும் பல தொகைகள் இருக்கும்: மொத்த மதிப்பு, முந்தைய பில் வரை முடிந்தது, இந்தப் பில்லில் முடிந்தது, சைட்டில் இருப்பு வைத்த பொருள், இதுவரை முடிந்தது, பிடித்தம் (ரிடென்ஷன்). அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் ஜி702, ஜி703 படிவங்களின் அமைப்பு இது. நம்முடைய ரன்னிங் பில் பழகியவருக்குப் புரியச் சிரமம் இல்லை.

ஓர் உதாரணம். 85 கன மீட்டர் பாறை வெட்ட, கன மீட்டருக்கு 1,150 ரூபாய் என்று சேஞ்ச் ஆர்டர். மொத்தம் 97,750 ரூபாய். முதல் பில்லில் 60 சதவீதம் முடிந்தால் 58,650. அதில் 10 சதவீதம் பிடித்தம் 5,865 போக 52,785 நிற்கும். அடுத்த பில்லில் மீதி 39,100 ரூபாய் வேலை வரும். அப்போது ‘இதுவரை முடிந்தது’ என்ற கட்டத்தைச் செலவாக எடுத்தால் 97,750 முழுவதும் விழுந்து, பழைய 58,650 இரண்டாம் முறை கணக்கில் ஏறிவிடும். மாதச் செலவுக்கு ‘இந்தப் பில்லில் முடிந்தது’ கட்டமே சரி.

4. கழிவு வரிகளை விட்டுவிடாதீர்கள்

எல்லா மாற்றமும் செலவைக் கூட்டுவதில்லை. தோண்டிய கல்லையே தடுப்புச் சுவருக்குப் பயன்படுத்தினால், கீழிருந்து கல் ஏற்றிவரும் தொகை குறையும். அந்தச் சேஞ்ச் ஆர்டர் மைனஸ் தொகையில் வரும். ‘பூஜ்யத்துக்கு மேல் இருப்பதை மட்டும் எடு’ என்று வடிகட்டினால் லாபம் நமக்கே தெரியாமல் போகும். தொகை எழுத்துச் சரமாக வந்தால் அதை டெசிமலாக மாற்றுங்கள். ஃப்ளோட்டில் போட்டால் பைசா இடிக்கும்.

5. பக்கம், டோக்கன், வரம்பு

பட்டியல் பக்கம் பக்கமாக வரும். முதல் பக்கத்தோடு நிறுத்தாமல், ஹெடரில் வரும் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுவிட்டு முடியுங்கள். டோக்கன் காலாவதியாகும், புதுப்பிக்கும் வழியை முன்பே எழுதி வையுங்கள். 429 என்று பதில் வந்தால் வரம்பு தாண்டிவிட்டது என்று அர்த்தம். மீண்டும் மீண்டும் தட்டாமல், எப்போது திறக்கும் என்று ஹெடர் சொல்கிற நேரம் வரை காத்திருங்கள். சேமிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் அதன் அடையாள எண்ணையே சாவியாக வையுங்கள். ‘பாறை வெட்டு’ என்ற பெயரில் மூன்று ஆணைகள் இருக்கலாம்.

6. டிடிஎஸ், ஜிஎஸ்டி நம் ஊர்க் கணக்கு

பிடித்தம் போக நிற்கும் தொகை, கையில் கொடுக்கும் தொகை அல்ல. சப் கான்ட்ராக்டர் தனிநபராக இருந்தால் டிடிஎஸ் 1 சதவீதம், நிறுவனமாக இருந்தால் 2 சதவீதம். ஜிஎஸ்டியைப் பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் அதை நீக்கிய தொகையில்தான் டிடிஎஸ். இந்தக் கணக்கை அலுவலகக் கணக்கு இருக்கும் டாலி மென்பொருளிலேயே போடுங்கள். ஏபிஐயிலிருந்து வேலையின் மதிப்பும் பிடித்தமும் மட்டும் தனித்தனியாக வரட்டும்.

கடைசியாக ஒரு சோதனை. ஒப்பந்த வரிகளின் கூட்டலோடு சேஞ்ச் ஆர்டர் வரிகளின் கூட்டலைச் சேர்த்து, பில்லின் சுருக்கத்தில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் அந்தப் பில்லைக் கணக்கில் ஏற்றாமல் நிரல் தானாகவே நிறுத்தி வைக்க வேண்டும். தாமதமானாலும் பரவாயில்லை. தவறான தொகையைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டால், அடுத்த வேலைக்கு அந்த மேஸ்திரி மலையேறி வரமாட்டார்.