உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

நம்பிக்கைகளும் உண்மைகளும்

இரவு ஏழரை மணிக்குத் திண்டுக்கல் நாகல்நகர் சந்துகளில் நடந்தால், காது மந்தமான பெரியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று விசாரிக்கவே வேண்டாம். டிவி தொடரின் வசனம் தெருமுனை வரை வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போயிருக்கும். "சத்தத்தைக் குறைங்கப்பா" என்று தொடங்குவது ரிமோட்டைப் பிடுங்குவதில் முடியும். பெரியவர் முகம் வாடி வாசலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். இந்தச் சண்டை தேவையே இல்லை. இதை வளர்ப்பவை சில தவறான நம்பிக்கைகள்.

நம்பிக்கை 1: சத்தத்தைக் கூட்டினால் கேட்டுவிடும்.

உண்மை: பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிப்பவை. ச, த, க, ப போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை. அவற்றைப் பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸையொட்டியும் அதற்கு மேலும் இருக்கின்றன. முதுமையில் முதலில் தேய்வது அந்த உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன்தான். அதனால் உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை. 'சட்டி' என்றால் கட்டியா, பட்டியா என்று தடுமாறுவார். "கேக்குது, ஆனா புரியல" என்று அவர் சொல்வது இதைத்தான்.

ஒலியைக் கூட்டினால் பின்னணி இசையும் கூடி வசனத்தை அமுக்கும். டிவியின் ஒலி அமைப்பில் பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டுங்கள். வசனத்தைத் தெளிவாக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அவர் நாற்காலியை டிவிக்கு அருகில் போடுங்கள். தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலித்துப் பேச்சைக் குழப்பும். கனத்த திரைச்சீலையும் ஜமக்காளமும் அதைக் குறைக்கும்.

நம்பிக்கை 2: அவருக்கு வேண்டியது மட்டும் கேட்கும், மற்றதற்கு நடிக்கிறார்.

உண்மை: தாழ்ந்த ஆண்குரல் எட்டும் காதுக்கு, மருமகளின் குரலும் பேத்தியின் கீச்சுக்குரலும் எட்டாமல் போகலாம். அமைதியான அறையில் புரிந்த அதே வார்த்தை, மிக்சி ஓடும்போது புரியாது. எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டசைவும் துணை செய்யும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அந்தத் துணை இல்லை. இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

நம்பிக்கை 3: வயதானால் காது மங்கத்தான் செய்யும், செய்வதற்கு ஒன்றுமில்லை.

உண்மை: 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவு கேள்திறன் இழப்பு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் எல்லாவற்றுக்கும் வயது மட்டுமே காரணம் இல்லை. சிலருக்குக் குறும்பி அடைத்திருக்கும், எடுத்தாலே கேட்கும். அதற்காகக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும் ஊக்கு விட்டுக் குடைவதும் செவிப்பறையைக் கெடுக்கும். ஒரு காது திடீரென அடைத்துக் கேட்காமல் போனால் அது அவசரம். சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம்.

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் இருபது, முப்பது ஆண்டுகள் நின்றவர்களும், திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் சுத்தியலோடு வாழ்ந்தவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் காலத்துத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை இரைச்சலை அனுமதித்தன. ஆனால் 85 டெசிபலைத் தாண்டிய இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் இருந்தாலே உட்காதின் மயிர்ச்செல்கள் மடியும். மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. நம்மைப் படிக்கவைத்த சம்பளத்துக்கு அவர்கள் காதால் விலை கொடுத்திருக்கிறார்கள். அதை மறந்து எரிந்து விழுவது நியாயமில்லை.

நம்பிக்கை 4: காது மிஷின் வைத்தால் இருக்கிற காதும் போய்விடும்.

உண்மை: பரிசோதித்து, அவரவர் குறைபாட்டுக்கு ஏற்ப அளவமைத்த மிஷின் காதைக் கெடுக்காது. கெடுப்பது, சோதனையே இல்லாமல் எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவுக் கருவி. நல்ல மிஷினும் முதல் நாளே பழகாது. மூளை அந்த ஒலிகளை மறுபடி கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். "ஒரே இரைச்சல்" என்று கழற்றிப் பீரோவில் வைத்துவிடாமல், தினமும் சிறிது நேரம் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் வறிய முதியோருக்குக் காது மிஷினை இலவசமாக வழங்குகிறது. ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

நம்பிக்கை 5: புளூடூத் ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தால் முடிந்தது.

உண்மை: பல புளூடூத் ஹெட்போன்களில் ஒலி சற்றுப் பிந்தி வரும். உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்பவருக்கு அது பெரிய இடைஞ்சல். சில டிவிகளில் ஹெட்போனை இணைத்ததும் ஸ்பீக்கர் நின்றுபோய் மற்றவர்களுக்குக் கேட்காது. டிவிக்கென்றே விற்கும் ரேடியோ அலை ஹெட்போனில் தாமதம் மிகக் குறைவு. மிஷின் வைத்திருப்பவர், அதே நிறுவனத்தின் டிவி இணைப்புக் கருவி உண்டா என்று கேட்கலாம்.

எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்று உண்டு. பல செட்டாப் பாக்ஸ்களின் பின்புறம் சிவப்பு, வெள்ளை ஆடியோ துளைகள் இருக்கும். அதிலிருந்து நீண்ட வயர் இழுத்து, அவர் தோளருகே சிறு ஸ்பீக்கர் வையுங்கள். அவருக்குத் தெளிவாகக் கேட்கும். டிவி மற்றவர்களுக்குப் போதுமான அளவில் பாடும்.

இன்றிரவு ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். அருகே உட்கார்ந்து, "எது புரியலப்பா?" என்று கேளுங்கள். இந்த வாரமே அவரைத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.