ஆஸ்பெஸ்டாஸ் வீட்டை அரசு வாங்கிக்கொள்ளுமா?

கேன்பெராவிலும் சிட்னியிலும் பழைய வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் பலர் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். "ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் இருக்கட்டும், பின்னால் பிரச்சினை வந்தால் கவர்மென்ட்டே முழு விலைக்கு வீட்டை வாங்கிக்கொள்ளும்." இதை யார் கிளப்பிவிட்டார்களோ! வீடுகளில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என் தொழில். இந்தப் பேச்சை நம்பி வங்கிக் கடனில் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பட்டென்று சொல்லிவிடுகிறேன்: வாங்காது.

அரசு ஒருமுறை வாங்கியது உண்மைதான். ஆனால் எதை வாங்கியது என்று யாராவது விசாரித்தீர்களா? 1960களின் கடைசியிலும் 70களிலும் கேன்பெரா வட்டாரத்தில் குளிர் தாங்குவதற்காகச் சீலிங்குக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் இழையைக் குழாய் வைத்து ஊதி நிரப்பினார்கள். சிமென்டில் கலந்து இறுகிய ஷீட் அல்ல அது. மூச்சுப் பட்டாலே பறக்கும் உதிரி இழை. 'மிஸ்டர் ஃபிளஃபி' வீடுகள் என்று ஊரே அவற்றை அழைத்தது. 1988 முதல் 1993 வரை அரசு செலவில் அந்த இழையை உறிஞ்சி எடுத்தார்கள். தொல்லை விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தச் சுத்திகரிப்பில் விடுபட்டிருந்த டவுனர் பகுதி வீடு ஒன்றை 2013இல் பிரித்துப் பார்த்தபோதுதான், சுவர் இடுக்குகள்வரை இழை இறங்கியிருந்தது தெரிந்தது. மேலே மட்டும் உறிஞ்சியெடுத்து என்ன பயன்?

2014 அக்டோபர் 28 அன்று கேன்பெராவின் பிரதேச அரசு வீடுகளை வாங்கும் திட்டத்தை அறிவித்தது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று வைத்துக்கொண்டு, அந்த நாளின் சந்தை விலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வாங்கி இடிப்பது என்று முடிவாயிற்று. மத்திய அரசு தந்த 100 கோடி டாலரும் கடன்தான், மானியம் அல்ல. இடித்துச் சுத்தம் செய்த மனையைத் திரும்ப வாங்க பழைய உரிமையாளருக்கு முன்னுரிமை இருந்தது. ஆனால் விற்கும்போது உள்ள விலைக்கு. மனை விலை ஏறிவிட்டதால் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. நியூ சவுத் வேல்ஸில் 2015இல் வந்த திட்டமும் இதே உதிரி இழைக்குத்தான்.

நீங்கள் பார்க்கும் வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஃபைப்ரோ எனப்படும் அந்த இறுகிய சிமென்ட் ஷீட். அதற்கு இந்தத் திட்டங்களில் சல்லிக்காசு கிடையாது. கழற்றும் செலவு உங்கள் தலையில்தான். நாட்டில் மூன்றில் ஒரு வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக ஆஸ்திரேலிய அரசின் கணக்கே சொல்கிறது. அத்தனை வீட்டையும் எந்த அரசு வாங்கும்?

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: செங்கல் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்காது.
உண்மை: குளியலறைச் சுவர், சலவை அறை, கூரை விளிம்பின் அடிப்பலகை, பழைய வினைல் தரையின் அடித்தாள், மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் பொருத்திய கறுப்புப் பலகை, இவை எல்லாவற்றிலும் இருக்கலாம்.

நம்பிக்கை: ஃபைப்ரோ இருந்தாலே நோய் வரும்.
உண்மை: உடையாமல், பெயின்ட் உரியாமல் இருக்கும் ஷீட்டைத் தொடாமல் விட்டால் ஆபத்து மிகக் குறைவு. டிரில்லும் கிரைண்டரும் அதில் படவே கூடாது. பிரஷர் வாட்டர் அடிக்கவும் கூடாது.

நம்பிக்கை: என் வீடு, நானே கழற்றிக்கொள்வேன்.
உண்மை: நியூ சவுத் வேல்ஸில் இறுகிய ஷீட் என்றால் 10 சதுர மீட்டர் வரைதான் உரிமம் இல்லாமல் கழற்றலாம். கேன்பெராவில் அந்தச் சலுகையும் இல்லை. உரிமம் பெற்றவரைத்தான் கூப்பிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீடு வாங்கும் முன் செய்யும் வழக்கமான கட்டட ஆய்வில் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை சேராது. "ரிப்போர்ட் வாங்கிவிட்டேனே" என்று சொல்கிறவர்கள் அதை முதலில் படித்துப் பாருங்கள். 1990க்கு முன் கட்டிய வீடு என்றால் தனியாகக் கேட்டு, மாதிரி எடுக்கச் சொல்லி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முடிவைப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள். என்னைக் கேட்டால், அந்த முடிவு இல்லாமல் பழைய வீட்டை விற்கவே கூடாது, செலவும் விற்பவருடையது என்று சட்டம் வர வேண்டும். பொங்கல் விழாவுக்கு அமைச்சரை அழைத்து மாலை போடும் நம் சங்கங்கள், கூடவே இந்தக் கோரிக்கை மனுவையும் அவர் கையில் கொடுக்கட்டும்.