கம்பெனி ஈ-வெரிஃபையில் இல்லை, கையில் மூன்று மாதம்

கேள்வி: ஐயா, துவாக்குடி சிட்கோவில் பெல்லுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். மகள் இங்கேயே என்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் முடித்தாள். பிறகு அமெரிக்காவில் இண்டஸ்ட்ரியல் என்ஜினீயரிங்கில் எம்.எஸ். முடித்து, ஒரு சின்ன நிறுவனத்தில் ஓபிடி என்ற, படிப்புக்குப் பிந்தைய பயிற்சி அனுமதியில் வேலை பார்க்கிறாள். வேலை அனுமதி அட்டை ஜூன் 30-உடன் முடிகிறது. மார்ச் எச்-1பி வேலை விசாக் குலுக்கலில் பெயர் வரவில்லை. அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு இரண்டு வருட நீட்டிப்பு உண்டு என்கிறார்கள். ஆனால் அதற்கு வேண்டிய ஈ-வெரிஃபை பதிவில் அவள் கம்பெனி இல்லையாம். ஒரு கன்சல்டன்சிக்காரர், "எங்கள் பேரோலில் போட்டுக்கொள்கிறோம், இப்போதைய வேலையையே பார்க்கட்டும், சம்பளத்தில் பங்கு கொடுத்தால் போதும்" என்கிறாராம். சம்மதிக்கலாமா? அந்த இரண்டு வருடம் முடிந்ததும் என்.ஐ.டி. பட்டத்தைக் காட்டி மேலும் இரண்டு வருடம் வாங்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அது உண்மையா? ஆவணியில் ஸ்ரீரங்கத்தில் மகன் கல்யாணம். தங்கை இல்லாமல் எப்படி? வீட்டுப் பத்திரம் கல்விக் கடனுக்காக வங்கியில் இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், துவாக்குடி

பதில்: கன்சல்டன்சிக்குச் சம்மதிக்காதீர்கள், ஐயா. நீங்கள் எழுதியிருக்கும் மற்ற எல்லாச் சிக்கலுக்கும் ஏதோ ஒரு வழி உண்டு. இதில் ஒருமுறை கையெழுத்துப் போட்டால் பின்னால் திருத்த முடியாது.

காரணம், இந்த நீட்டிப்பைச் சட்டம் வெறும் வேலையாகப் பார்க்கவில்லை, படிப்பின் தொடர்ச்சியான பயிற்சியாகப் பார்க்கிறது. 12 மாத ஓபிடி 1992-இல் வந்தது. 2008 ஏப்ரலில் 17 மாத நீட்டிப்பைச் சேர்த்தார்கள். வாஷ்டெக் என்ற அமெரிக்கத் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. பொதுமக்களின் கருத்தைக் கேட்காமலே போட்ட விதி என்று 2015 ஆகஸ்டில் நீதிபதி எலன் ஹுவெல் அதை ரத்து செய்தார். அரசு விதியைப் புதிதாக எழுதி, 2016 மே 10 முதல் 24 மாதமாக்கியது. ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவம் அப்போதுதான் உள்ளே வந்தது. அந்த விதியையும் எதிர்த்தார்கள். 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

இத்தனை வழக்கையும் தாண்டி நீட்டிப்பு நிற்கிறதென்றால், பயிற்சி என்ற அந்தக் காலின் மேல்தான் நிற்கிறது. உங்கள் மகள் என்ன கற்கப்போகிறாள், யார் மேற்பார்வை, எப்படி மதிப்பிடுவார்கள், என்ன சம்பளம் என்பதை ஐ-983-இல் எழுதி, அவளும் நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று தெரிந்தே போடும் கையெழுத்து அது. சம்பளம் கொடுக்கும் நிறுவனம்தான் பயிற்சியும் கொடுக்க வேண்டும். கன்சல்டன்சிக்காரர் சொல்லும் ஏற்பாட்டில் பேரோல் ஓரிடம், வேலை வேறிடம், மேற்பார்வையாளர் காகிதத்தில் மட்டும். குடியேற்ற அமலாக்கத் துறை வேலை இடத்துக்கே வந்து பார்க்கலாம். சாதாரணமாக 48 மணி நேரம் முன்பு சொல்லிவிட்டு வருவார்கள். 2019-இல் ஃபைண்ட்ரீம் என்ற பெயரளவு நிறுவனத்தின் மீது சிகாகோவில் வழக்கு வந்தது. காசு வாங்கிக்கொண்டு ஓபிடி மாணவர்களுக்கு வேலைக் கடிதம் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் பெயர் இருந்த மாணவர்கள் பலர் பின்னாளில் விசா மறுப்பைச் சந்தித்தார்கள். பொய்த் தகவல் தந்து குடியேற்றப் பலன் பெற்றார் என்று முடிவானால், அமெரிக்காவுக்குள் நுழையவே நிரந்தரத் தடை வரக்கூடும். கன்சல்டன்சிக்காரருக்கு அடுத்த ஆள் கிடைப்பார். உங்கள் மகளுக்கு இருப்பது ஒரே பாஸ்போர்ட்.

அப்படியானால் இப்போதைய கம்பெனியை ஈ-வெரிஃபைக்குக் கொண்டுவர முடியுமா? முடியும். அதைத்தான் முதலில் முயல வேண்டும். பெல்லின் வெண்டர் பட்டியலில் இல்லாமல் உங்கள் பட்டறை ஆர்டர் எடுக்க முடியாதல்லவா, அப்படி ஒரு பதிவுதான் இது. புதிதாகச் சேர்பவர்களுக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று அரசுப் பதிவோடு சரிபார்க்கும் இணைய ஏற்பாடு. கட்டணம் இல்லை, இணையத்திலேயே ஒப்பந்தம் போட்டுச் சேரலாம். சின்ன நிறுவனங்கள் தயங்குவது பெரும்பாலும் தெரியாமல்தான். மகள் முதலாளியிடம் நேரில் உட்கார்ந்து, ஐ-983-ஐத் தானே வரைவாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கேட்கட்டும். இன்னொன்று: ஈ-வெரிஃபை தளத்தின் தேடலில் ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்கள் காட்டப்படுவதில்லை. தேடிக் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து இல்லை என்று முடிவு கட்டாமல், நிறுவனத்தின் ஈ-வெரிஃபை எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். புது வேலை அனுமதி அட்டைக்கான ஐ-765 விண்ணப்பத்தில் அந்த எண் வேண்டும்.

அவர்கள் மறுத்தால், ஜூன் 30-க்குள் ஈ-வெரிஃபையில் உள்ள வேறு நிறுவனத்தைத் தேட வேண்டியதுதான். வாரம் 20 மணி நேரமாவது வேலை, சம்பளம் கட்டாயம், படித்த படிப்போடு நேரடித் தொடர்பு.

தேதியில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். முதல் ஓபிடிக்குப் படிப்பு முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். அதே நினைப்பில் நீட்டிப்புக்கும் 60 நாள் இருக்கிறது என்று இருந்துவிடுகிறார்கள். நீட்டிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அட்டை முடிவதற்கு 90 நாள் முன்பு, அதாவது ஏப்ரல் 1-இல், வாசல் திறந்தது. ஜூன் 30-இல் மூடிவிடும். ஐ-983-ஐப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓ பார்த்து, நீட்டிப்பைப் பரிந்துரைத்துப் புதிய ஐ-20 மாணவர் சான்று கொடுக்க வேண்டும். அந்தப் பரிந்துரை நாளிலிருந்து 60 நாளுக்குள், அட்டை முடியும் முன், விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். புதிய ஐ-20 வருவதற்கு முன் அவசரப்பட்டு அனுப்பினால் மறுத்துவிடுவார்கள். நேரத்தில் சேர்ந்துவிட்டால், புது அட்டை வராவிட்டாலும் 180 நாள் வரை, அதாவது டிசம்பர் 27 வரை, அவள் தொடர்ந்து வேலை பார்க்கலாம். 2025 அக்டோபரில் தானியங்கி நீட்டிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி படித்திருப்பீர்கள். அது வேறு பிரிவுகளுக்கு. இந்த 180 நாள் தனி விதியில் இருக்கிறது.

வேலை இல்லாமல் இருக்கும் நாள்களுக்கும் கணக்கு உண்டு. முதல் ஓபிடியில் 90. நீட்டிப்போடு சேர்த்து மொத்தம் 150. நிறுவனம் மாறினால் 10 நாளுக்குள் டிஎஸ்ஓவிடம் சொல்லிப் புது ஐ-983 கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விவரங்களை உறுதிசெய்ய வேண்டும்.

என்.ஐ.டி. பட்டம் பற்றிக் கேட்டீர்கள். ஆர்.இ.சி.யாக 1964-இல் தொடங்கியதிலிருந்து உங்கள் ஊருக்குப் பெருமை சேர்க்கும் கல்லூரி. இருந்தாலும் இந்த விதிக்கு அந்தப் பட்டம் உதவாது. அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்லூரி கொடுத்த பட்டம்தான் கணக்கு. வாழ்நாளில் இரண்டாவது நீட்டிப்பு வேண்டுமென்றால், அங்கேயே பிஎச்டி போல மேல்நிலைப் பட்டம் ஒன்றை முடிக்க வேண்டும். இந்த 24 மாதம் கிடைத்தால் இன்னும் இரண்டு மார்ச் மாதங்களில் எச்-1பிக்குப் பதியலாம். ஆண்டுக்கு 85,000 இடம். 2026 முதல் சம்பள நிலை உயர உயர வாய்ப்பும் கூடும். ஆகவே இந்த இரண்டு வருடத்தில் அவள் திறமைக்கேற்ற சம்பளத்தை நோக்கி நகர்வது முக்கியம். பேரோலில் பங்கு கேட்பவரிடம் அது நடக்காது.

கல்யாணத்துக்கு வரலாம், புது அட்டை கையில் வந்த பிறகு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முடிந்த அட்டையை வைத்துக்கொண்டு பயணம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடுதல் கட்டணம் கட்டினால் 30 வேலை நாளுக்குள் முடிவு சொல்லும் வசதி உண்டு. உங்கள் விஷயத்தில் அந்தப் பணம் வீண் இல்லை. திரும்பும்போது செல்லுபடியாகும் எஃப்-1 விசா, ஆறு மாதத்துக்குள் டிஎஸ்ஓ பயணக் கையெழுத்திட்ட ஐ-20, புது அட்டை, வேலைக் கடிதம் ஆகிய நான்கும் வேண்டும். அதுவரை டிக்கெட் போட வேண்டாம்.

கடனைப் பற்றி அவளிடம் இந்த மூன்று மாதம் பேசாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அப்பா வீட்டுப் பத்திரம் என்ற பயத்தில்தான் நல்ல பிள்ளைகள்கூடக் கன்சல்டன்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். தவணை இடித்தால் நீங்களே வங்கிக் கிளைக்குப் போய் அவகாசம் கேளுங்கள். மகள் இன்றைக்கே டிஎஸ்ஓவுக்கு எழுதி, அவர்கள் அலுவலகம் ஐ-983-ஐப் பார்த்து முடிக்க எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்கட்டும். சில இடங்களில் இரண்டு வாரம்கூட ஆகும். ஜூன் 30-இலிருந்து அதைக் கழித்தால்தான் அவளுக்கு உண்மையில் எத்தனை நாள் இருக்கிறது என்று தெரியும்.